ஆயர் எழுதாத இசை

"நீ டேலண்ட்டை வேஸ்ட் பண்ற."

சொன்னவர் என்னைவிட இருபது வயது மூத்த எழுத்தாளர். ஒரு நூல் வெளியீடு முடிந்து அரங்குக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தோம். இரண்டு வருடமாகப் பெரிதாக எதுவும் எழுதவில்லை, வேலை அதிகம் என்று சொல்லியிருந்தேன். அவர் கோபப்படவில்லை, பரிவோடுதான் சொன்னார். அதனாலேயே அது சில நாட்கள் உள்ளே கிடந்து உறுத்தியது. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டு மறந்திருப்பேன்.

உறுத்தியது அந்த 'வேஸ்ட்' என்ற சொல். வீணாகிறது என்றால் அந்தப் பொருளுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கவேண்டும். குழாயைத் திறந்துவிட்டு மறந்தால் தண்ணீர் வீண், ஊருக்கு நஷ்டம். நான் எழுதாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்? என் திறமை யாருடையது?

அந்த வாரம் ஆபீஸில் ஒரு ரிலீஸ். ராத்திரி பதினோரு மணிக்கு மேல், பில்ட் ஓடி முடிவதற்காகக் காத்திருக்கும் நேரங்களில் ஹெட்ஃபோனில் எதையாவது போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு ஆல்பம் கண்ணில் பட்டது. அட்டையில் மொட்டைத் தலையும் கறுப்பு அங்கியுமாக ஒரு பாதிரியார், சிலுவையை நீட்டிப் பிடித்தபடி நிற்கிறார். பேய்ப்பட போஸ்டர் என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அது இத்தாலியப் பாடகி செச்சிலியா பார்த்தோலி. 2012இல் வந்த 'மிஷன்' என்ற ஆல்பத்துக்காக அப்படி வேஷம் கட்டியிருந்தார். உள்ளே இருந்த இசை முழுவதும் அகோஸ்தினோ ஸ்டெஃபானி என்பவருடையது. பாரோக் என்றால் எனக்கு பாக், ஹாண்டல், விவால்டி, அதோடு சரி. இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

பில்ட் முடிந்து, டெஸ்ட் முடிந்து, எல்லோரும் கால் கட் பண்ணிய பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். டீக்கடையில் என்னிடம் சொன்ன வாக்கியத்தை இவரிடம் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது. காரணம், அந்தக் குற்றச்சாட்டுக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். ஐரோப்பாவின் முன்னணி இசையமைப்பாளர்களில் ஒருவராக இருந்த மனிதர், ஐம்பதை நெருங்கும் வயதில் இசையை ஓரம் வைத்துவிட்டு அரசாங்க வேலைக்கும் திருச்சபை வேலைக்கும் போய்விட்டார்.

*

ஸ்டெஃபானி 1654இல் பிறந்தார். வெனிஸிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காஸ்டெல்ஃப்ராங்கோ என்ற சிறு நகரம். பையனுக்குக் குரல் இருந்தது. பாதுவாவில், புனித அந்தோணியார் பேராலயத்தின் பாடகர் குழுவில் சேர்ந்தான். நம்மூரில் 'பதுவை அந்தோணியார்' என்கிறோமே, அதே பதுவை. 1667இல் பவேரியாவின் ஆட்சியாளர் ஃபெர்டினாண்ட் மரியா அந்தப் பக்கம் வந்தபோது அந்தக் குரலைக் கேட்டார். பிடித்துப்போனது. பையனை மியூனிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட முழுதாக ஆகவில்லை.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பப் படித்தேன். திறமை உலகத்துக்குச் சொந்தம் என்று நாம் சொல்வது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதை நடைமுறையில் செயல்படுத்தியவர் கோச்சு வண்டியில் வந்த ஒரு சிற்றரசர். பையன் வேறு என்னவாக ஆக விரும்பினான் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. குரல் நன்றாக இருந்தது, அதனால் அது எடுத்துக்கொள்ளப்பட்டது.

நல்ல முறையில்தான் வளர்த்தார்கள், அதையும் சொல்லவேண்டும். மியூனிக்கில் யோஹான் காஸ்பர் கெர்லிடம் ஆர்கன் படித்தார். அரசர் செலவில் 1672 முதல் இரண்டு வருடம் ரோமில் படிப்பு. திரும்பி வந்ததும் அரண்மனையில் ஆர்கன் வாசிப்பவர். 1680இல் குருப்பட்டம். அடுத்த வருடமே ஆபெரா எழுதினார். குருவானவர் ஆபெரா எழுதுவது அன்று விநோதமாகப் பார்க்கப்படவில்லை.

மியூனிக்கில் அவர் கடைசியாக எழுதிய ஆபெரா 'தீபஸின் அரசி நியோபே', 1688இல் மேடையேறியது. கதை கிரேக்கப் புராணம். தன் பிள்ளைகளைப் பற்றிய கர்வத்தில் தெய்வத்தை இகழ்ந்த நியோபே, பிள்ளைகள் எல்லோரையும் பறிகொடுத்துக் கல்லாகச் சமைந்துபோகிறாள். என்னைப் பிடித்துக்கொண்டவன் அவள் கணவன் ஆன்ஃபியோனே. அவன் அரசன். ஆட்சி அவனுக்கு அலுத்துவிட்டது. அதிகாரத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு, இசைக்குள் மூழ்கி வாழ ஒதுங்கிவிடுகிறான். அங்கே வானத்துக் கோளங்களை விளித்து ஒரு பாட்டுப் பாடுகிறான். கீழே தந்தி வாத்தியங்கள் மெல்ல அசைகின்றன, மேலே குரல் எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசரம் இல்லாமல் மிதக்கிறது. பிறகு நகரத்துக்கு ஆபத்து வரும்போது அவன் குரலுக்கே கற்கள் எழுந்து கோட்டைச் சுவராகின்றன.

அரசை விட்டு இசைக்குப் போனவனுக்கு இந்தப் பாட்டை எழுதியவர், பதினைந்து வருடம் கழித்து இசையை விட்டு அரசுக்குப் போனார். இதை முன்னறிகுறி என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஆபெராவின் வசனத்தை எழுதியவர் வேறொருவர். ஆனால் ஒன்று உறுதி. எல்லாவற்றையும் விட்டு இசைக்குள் போவது எப்படி இருக்கும் என்று இந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் அந்தப் பாட்டை எழுதமுடியாது. அந்த ருசி தெரிந்தும்தான் அவர் வேறு பக்கம் போனார்.

*

அதே 1688இல் மியூனிக் அரண்மனையின் தலைமை இசைஞர் பதவி காலியாக இருந்தது. ஸ்டெஃபானிக்குக் கிடைக்கவில்லை. முந்தைய தலைமை இசைஞரின் மகனுக்குப் போனது. ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வருடமே அவர் ஹானோவருக்கு மாறிவிட்டார்.

ஹானோவரின் ஆட்சியாளர் ஏர்ன்ஸ்ட் ஔகுஸ்ட்டுக்கு ஒரு கனவு இருந்தது. புனித ரோமப் பேரரசில் பேரரசரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுரிமை உள்ள இளவரசர்கள் அப்போது எட்டுப் பேர். ஒன்பதாவது ஓட்டு தன் குடும்பத்துக்கு வேண்டும் என்று அவர் துடித்தார். 1689இல் புது ஆபெரா அரங்கைத் திறந்தார். திறப்பு விழாவுக்கு ஸ்டெஃபானி எழுதிய ஆபெராவின் நாயகன் சிங்க ஹென்ரி. அந்தக் குடும்பத்தின் பன்னிரண்டாம் நூற்றாண்டு மூதாதை. எங்கள் வம்சம் சாதாரணப்பட்டது இல்லை என்று ஊருக்குச் சொல்லும் ஆபெரா அது. இன்றைய அரசியல் கட்சிகள் எடுக்கும் வரலாற்றுப் படம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், இசை மட்டும் பிரமாதம். 1692இல் பேரரசர் அந்த ஒன்பதாவது ஓட்டைக் கொடுத்தார். ஸ்டெஃபானி அந்தப் பேரத்தில் இசையால் மட்டும் உதவவில்லை, தூதராகவும் அலைந்தார். பிறகு பிரஸ்ஸல்ஸில் ஹானோவரின் தூதராகவே இருந்தார்.

இந்த அலைச்சலுக்கு நடுவே அவர் எழுதிய அறை இசை டூயட்டுகள்தான் அவரது உண்மையான சாதனை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எண்பது அளவில் இருக்கின்றன. இரண்டு குரல்கள், கீழே ஒரு ஹார்ப்சிகார்டும் செல்லோவும். அவ்வளவுதான். நம் கச்சேரியில் இருவர் சேர்ந்து பாடினால் இருவரும் ஒரே மெட்டில்தான் போவார்கள். இங்கே இரண்டு குரலுக்கும் தனித்தனி மெட்டு. ஒரு குரல் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இன்னொரு குரல் நகர்ந்து வந்து அதை உரசும். கேட்கும்போது பல்லுக்குள் லேசாகக் கூசுகிற மாதிரி ஓர் உறுத்தல். அடுத்த நொடி, நின்ற குரல் ஒரு படி இறங்கி வழிவிடும், உறுத்தல் கரையும். கரைந்த கணத்திலேயே மற்ற குரல் நின்றுகொள்ளும், இது நகர்ந்து போய் உரசும். யாரும் தலைவர் இல்லை, யாரும் பின்பாட்டு இல்லை. மாற்றி மாற்றி நிற்பதும் இறங்கிக் கொடுப்பதும்தான் மொத்தப் பாட்டும். பகலில் இரண்டு அரசர்களுக்கு நடுவே பேரம் பேசியவர் ராத்திரி எழுதியது என்று தெரிந்து கேட்கும்போது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

ஹாண்டலிடம் இந்த டூயட்டுகளின் கைப்பிரதி ஒன்று இருந்தது. அவர் எழுதிய இத்தாலிய டூயட்டுகள் இவற்றின் வழியில் வந்தவைதான். இதற்குத் திரும்பி வருகிறேன்.

*

1698இல் ஏர்ன்ஸ்ட் ஔகுஸ்ட் இறந்தார். அவர் மகன் ஆபெராவை நிறுத்தினார். 1703இல் ஸ்டெஃபானி டூசெல்டார்ஃபுக்குப் போனார், கத்தோலிக்கரான அந்த ஊர் இளவரசர் யோஹான் வில்ஹெல்மிடம். இந்தமுறை இசைஞராகப் போகவில்லை. ஆலோசகர், நிர்வாகி. கொஞ்ச காலம் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் ரெக்டராகவும் இருந்தார்.

அதே 1703இல், அவர் பிறந்த வெனிஸ் குடியரசில், செம்பட்டை முடி வைத்த ஓர் இளைஞன் குருப்பட்டம் பெற்றான். பெயர் அந்தோனியோ விவால்டி. பட்டம் பெற்ற சில வருடங்களிலேயே அவர் திருப்பலி நிறைவேற்றுவதை நிறுத்திவிட்டார். நெஞ்சு இறுக்கம், பீடத்தில் நிற்கமுடியவில்லை என்று பின்னாளில் ஒரு கடிதத்தில் காரணம் எழுதினார். ஆனால் வயலின் வாசிக்க, ஆபெரா நடத்த, ஊர் ஊராகப் பயணம் போக அந்த நெஞ்சு இடம் கொடுத்தது. இன்று அதற்காக விவால்டியை யாரும் கோபிப்பதில்லை. சிரித்துவிட்டு 'நான்கு பருவங்க'ளைப் போட்டுக் கேட்கிறோம். பீடத்தை விட்டு இசைக்குப் போனவரை மன்னித்துவிட்டோம். இசையை விட்டுப் பீடத்துக்குப் போனவரை மறந்தே போனோம்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஸ்டெஃபானி இசையை விட்டுவிட்டு மருத்துவம் பார்க்கப் போயிருந்தால், கொள்ளை நோயில் ஆயிரம் பேரைக் காப்பாற்றியிருந்தால், வீணடித்தார் என்போமா? மாட்டோம். அப்படியென்றால் அவர் இசையை விட்டது நம் பிரச்சினை இல்லை. எதற்காக விட்டாரோ அதற்கு நாம் மதிப்புக் கொடுப்பதில்லை, அதுதான் பிரச்சினை. ஆனால் அவர் கத்தோலிக்கக் குருவானவர். மனித ஆன்மாவின் மீட்பு ஆபெராவைவிடப் பெரிது என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தால், நாளெல்லாம் ஆபெரா எழுதிக்கொண்டிருப்பதுதான் அவருக்குத் துரோகமாக இருந்திருக்கும்.

இப்படி யோசித்து அவரைக் கிட்டத்தட்ட விடுதலை செய்துவிட்டேன். அப்புறம்தான் பீவாவைப் பற்றிப் படித்தேன்.

*

1706இல் ஸ்டெஃபானி ஆயராக நியமிக்கப்பட்டார். ஸ்பிகா என்ற ஊருக்கு. அது சின்ன ஆசியாவில் பழைய காலத்தில் இருந்த மறைமாவட்டம், அவர் காலத்தில் பட்டத்துக்கு மட்டும் மிஞ்சிய பெயர். மந்தை இல்லாத மேய்ப்பர். 1709இல் டூசெல்டார்ஃபில் 'தஸ்ஸிலோனே' என்ற அவருடைய ஆபெரா மேடையேறியது. எழுதியவர் என்று இருந்த பெயர் கிரெகோரியோ பீவா.

பீவா கற்பனை ஆள் இல்லை. ஸ்டெஃபானியிடம் இசைக்குறிப்புகளை நகலெடுக்கும் வேலை பார்த்தவர். ஒரு ஆயர் மேடைக்கு இசை எழுதுவது கௌரவம் இல்லை என்பதால் வேலைக்காரர் பெயரில் வந்தது. புனைபெயர் என்றால் காற்றிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இவர் எதிரே உட்கார்ந்து மை தொட்டு எழுதிக்கொண்டிருந்த மனிதரின் பெயரை எடுத்துக்கொண்டார்.

கலைஞன் தன் பெயரை மறைப்பதை நாம் பணிவு என்று சொல்லிப் பழகிவிட்டோம். இது பணிவு இல்லை. அன்றைய அரண்மனைகளில் இசைஞர்களின் இடம் பணியாளர் வரிசையில். எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் சரி. தூதருக்கும் ஆயருக்கும் இடம் மேஜையில், இளவரசர்களுக்குச் சமமாக. பன்னிரண்டு வயதில் குரலுக்காகக் கூட்டிக்கொண்டு வரப்பட்ட பையன் அந்த மேஜைக்கு ஏறி வர நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. ஏறிவந்த ஏணியை ஒளித்துவைக்கத்தான் பீவாவின் பெயர் தேவைப்பட்டது. அவர் இசையை மட்டமாக நினைத்தார் என்று சொல்லமுடியாது. இசை என்பது வெறும் ரசனையோ கற்பனையோ இல்லை, அதற்கு உறுதியான அடிப்படைகள் உண்டு என்று 1695இல், தூதராக இருந்த காலத்தில், தனியாக ஒரு சிறு நூலே எழுதி அச்சிட்டிருக்கிறார். இசையை உயர்த்திப் பேச அவருக்குத் தயக்கம் இல்லை. இசைஞன் என்று தன்னைக் காட்டிக்கொள்ளத்தான் தயங்கினார்.

இதைப் படித்தபோது எனக்கு முகம் சூடானது. நான் ஆறு வருடமாகப் புனைபெயரில் எழுதுகிறேன். கேட்டால், 'எழுத்து முக்கியம், ஆள் முக்கியமில்லை' என்று சொல்வேன். உண்மை வேறு. முன்பு ஓர் ஆபீஸில் என் கட்டுரை ஒன்றை யாரோ மேலாளருக்குக் காட்டிவிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "இதுக்கெல்லாம் டைம் கிடைக்குதா?" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த மாதமே பெயரை மாற்றிக்கொண்டேன். இந்தப் பக்கம் இலக்கியக் கூட்டங்களில் என் வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. 'ஐடிக்காரன் பொழுதுபோக்குக்கு எழுதுறான்' என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். இரண்டு மேஜையிலும் உட்காரவேண்டும், இரண்டிலும் மற்றதை ஒளித்துக்கொண்டு. எனக்கு பீவா தேவைப்படவில்லை, ஒரு புனைபெயர் போதுமானதாக இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

*

1708இல் பேரரசருக்கும் திருத்தந்தைக்கும் போர் மூளும் நிலை வந்தபோது ஸ்டெஃபானி ரோமுக்குப் போய்ச் சமரசம் பேசினார். அது பலித்தது. 1709இல் வட ஜெர்மனியில் திருத்தந்தையின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டு, ஹானோவருக்கே திரும்பினார். அங்கே சிதறிக் கிடந்த கத்தோலிக்கர்களைக் கவனிப்பது, முடிந்தால் லூத்தரன் ஆட்சியாளர்களைத் தாய்ச்சபைக்குத் திருப்புவது. இதுதான் அவர் தேர்ந்துகொண்ட பெரிய வேலை.

அது நடக்கிற காரியமாக இல்லை. 1701இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. அரியணை புராட்டஸ்டண்டுகளுக்கு மட்டும். அடுத்த வாரிசு ஹானோவர் குடும்பம். 1714இல் ஹானோவரின் ஆட்சியாளரே இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜ் ஆனார். கத்தோலிக்கராக இல்லாததற்காகவே ஒரு மகுடம் கிடைத்த குடும்பத்தை எந்த ஆயரால் மனம் மாற்றமுடியும்?

ஆனாலும் ஹானோவரில் ஒரு கத்தோலிக்க ஆலயத்தைக் கட்டி முடித்தார். புனித கிளமென்ட் ஆலயம். வரைந்து கட்டியவர் தொம்மாஸோ ஜியுஸ்தி என்ற வெனிஸ்காரர், ஹானோவரில் ஆபெராவுக்கு மேடைக் காட்சிகள் அமைத்தவர். 1718இல் ஸ்டெஃபானி அதை அபிஷேகம் செய்தார். திட்டத்தில் மேலே ஒரு பெரிய குவிமாடம் இருந்தது. பணம் போதவில்லை. குவிமாடம் இல்லாமலே ஆலயத்தைத் திறந்தார்கள். பணக் கஷ்டம் ஸ்டெஃபானியையும் விடவில்லை. வருமானம் ஒழுங்காக வராமல் 1722இல் வேலையை விட்டு பாதுவாவுக்கே போய்விட்டார். மூன்று வருடம் கழித்து மறுபடி ஹானோவர்.

சுருக்கமாகச் சொன்னால், அவர் பெரிது என்று நினைத்தது பெரும்பாலும் தோற்றது. ஒளித்துவைத்தது நிலைத்தது. இதை வைத்து 'பார்த்தாயா, இசையிலேயே இருந்திருக்கலாம்' என்று சொல்வது சுலபம். ஆனால் அது முடிவைத் தெரிந்துகொண்டு பழைய கோடைத் திட்டுவது மாதிரி. புரொடக்‌ஷனில் உடைந்த பிறகு எந்த முட்டாளும் எங்கே தப்பு என்று சொல்வான். எழுதியவன் கையில் அன்று என்ன தகவல் இருந்தது என்பதுதான் கேள்வி. 1709இல் ஸ்டெஃபானிக்கு 2012இன் ஆல்பம் தெரியாது.

*

திறமையைப் பற்றிய பழைய கதை ஒன்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். மத்தேயு நற்செய்தியில் வரும் தாலந்து உவமை. எஜமானர் பயணம் போகும்முன் மூன்று ஊழியர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இருவர் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். ஒருவன் பயந்து மண்ணில் புதைத்துவைக்கிறான். எஜமானர் திரும்பி வந்து அவனைத் தண்டிக்கிறார். தாலந்து என்பது அன்றைய பண அளவு. 'டேலண்ட்' என்ற சொல்லுக்கு இன்றைய அர்த்தம் வந்ததே இந்தக் கதையிலிருந்துதான். டீக்கடையில் என்னிடம் பேசியவர் அறியாமலே அந்த எஜமானரின் குரலில் பேசியிருக்கிறார்.

அந்தக் கதை ஒரு சிக்கலைத் தொடுவதே இல்லை. ஒருவனிடமே இரண்டு தாலந்து இருந்து, ஒன்றைக் கிழக்குச் சந்தையிலும் மற்றதை மேற்குச் சந்தையிலும்தான் பெருக்கமுடியும் என்றால்? கால் இரண்டுதான், நாள் ஒன்றுதான். ஸ்டெஃபானி ஒன்றைப் புதைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. இன்னொன்றோடு ஓடிக்கொண்டே இருந்தார். எது பெரிய தாலந்து என்று தப்பாகக் கணித்திருக்கலாம். தப்புக் கணிப்பும் பாவமும் ஒன்றில்லை.

நம் இலக்கிய வட்டாரத்தில் 'தன்னறம்' என்ற சொல் அதிகம் புழங்குகிறது. உனக்கு எது இயல்பாக வருகிறதோ அதைச் செய், அதுவே உன் அறம் என்கிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். எதில் நான் திறமைசாலி என்பதை மற்றவர்கள் எனக்குச் சொல்லிவிடலாம். எது எனக்கு முக்கியம் என்பதை அவர்களால் சொல்லமுடியாது. இரண்டும் ஒன்றாக அமைந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அமையாதவர்களைப் பார்த்து உன் திறமைக்கு நீ கடன்காரன் என்று சொன்னால், அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனை மறுபடி கோச்சு வண்டியில் ஏற்றுகிறோம். ஸ்டெஃபானி இன்னும் இருபது ஆபெரா எழுதியிருந்தால் எனக்குச் சந்தோஷம். அது என் ஆசை. என் ஆசை அவருடைய கடன் ஆகாது.

அப்படியானால் அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லையா? உண்டு. அவர் இசையை விட்டது இல்லை அந்தக் குறை. விடாமலே விட்டதாகக் காட்டிக்கொண்டது. அதற்கு பீவாவைப் பயன்படுத்தியது. வாழ்நாளெல்லாம் மற்றவரின் இசையைப் பிரதி எடுத்த மனிதர் பீவா. அந்த உழைப்புக்காக அவர் பெயரை யாரும் எங்கும் போடவில்லை. அவர் செய்யாத ஒன்றுக்குத்தான் அவர் பெயர் போடப்பட்டது. ஒருவர் எந்த வேலையைத் தேர்ந்துகொள்கிறார் என்பதில் மற்றவருக்கு வழக்கு இல்லை. தன் அச்சத்தின் செலவை யார் கணக்கில் எழுதுகிறார் என்பதில் வழக்கு உண்டு.

*

கடைசி வருடங்களைச் சொல்லவேண்டும். 1726இல் லண்டனில், குரலிசையைச் சேர்ந்து பாடிப் பயில்வதற்காக ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 1727இல் அதன் தலைவராக ஸ்டெஃபானியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் லண்டனில் இல்லை, போகவும் இல்லை. எழுபதைத் தாண்டிய, கடன் நெருக்கடியில் இருந்த, வேலையில் தோற்ற ஆயருக்கு யாரோ கடல் தாண்டி, உங்கள் இசை எங்களுக்கு வேண்டும் என்று சொன்னார்கள். இந்த வயதில் அவர் எழுதியதுதான் 'ஸ்தாபாத் மாத்தேர்'. சிலுவையடியில் நிற்கும் வியாகுல அன்னையைப் பற்றியது, ஆறு குரல்களுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும். இப்போதும் அடிக்கடி கேட்கிறேன். அதே பழைய டூயட்டின் உரசல்தான், ஆனால் இறங்கிக் கொடுக்க இப்போது எந்தக் குரலுக்கும் அவசரமில்லை. உறுத்தலிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். யாருக்கும் கடன் தீர்க்கிற இசை மாதிரி அது கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த இடத்துக்கு ஒருவர் திரும்பிப் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

1728 பிப்ரவரியில், இத்தாலிக்குப் போகும் வழியில், ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறந்தார்.

ஹாண்டலுக்குத் திரும்பி வருவதாகச் சொன்னேன். 1741 ஜூலையில் ஹாண்டல் சில இத்தாலிய டூயட்டுகள் எழுதினார், ஸ்டெஃபானியிடம் கற்ற அதே வடிவம். அடுத்த சில வாரங்களில் 'மெஸையா'வை எழுதியபோது அந்த டூயட்டுகளையே எடுத்து நான்கு கோரஸ்களாக விரித்தார். இன்று கிறிஸ்துமஸ் காலத்தில் உலகம் முழுக்க அவற்றைப் பாடுகிறார்கள். பாடுபவர்களில் பலர் புராட்டஸ்டண்டுகள். வட ஜெர்மனியின் ஆயர் எந்த லூத்தரன் வீட்டுக்குள் நுழைய வாழ்நாளெல்லாம் முயன்றாரோ, அந்த வீட்டுக்குள் அவர் ஒளித்துவைத்த தாலந்து ஹாண்டலின் பெயரில் நுழைந்திருக்கிறது. இந்தமுறை அவரே இன்னொருவருக்குப் பீவா.

அந்த ஆலயம் இரண்டாம் உலகப்போரில், 1943இல் குண்டு விழுந்து அழிந்தது. போருக்குப் பிறகு திரும்பக் கட்டியபோது, ஜியுஸ்தி திட்டமிட்டுக் கட்டமுடியாமல் போன குவிமாடத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். 1957இல் முடிந்தது. தோற்ற வேலையும் முழுசாகத் தோற்கவில்லை. எது வீண், எது வீணில்லை என்று கணக்குப் போட, அந்த ஆலயத்தின் முன் நின்றால் எந்த வருடத்தை இறுதி வருடமாக வைப்பது என்றே தெரியாது.

டீக்கடை நண்பருக்குப் போன வாரம் போன் செய்தேன். "நீங்க சொன்னது தப்புண்ணே, நான் யாருக்கும் கடன்படலை" என்று ஆரம்பித்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிப்பா. அப்ப எழுதலைன்னாலும் பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். "பின்ன ஏன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து எவனோ ஒரு ஆயரைப் பத்தி எழுதிட்டிருக்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பிடிச்சிருக்குண்ணே என்று மட்டும் சொன்னேன்.

இந்தக் கட்டுரை என் சொந்தப் பெயரில் வருகிறது. ஆபீஸில் யாராவது பார்த்துவிட்டு இதுக்கெல்லாம் டைம் கிடைக்குதா என்று கேட்டால், கிடைக்குது என்று சொல்லலாம் என்று இருக்கிறேன்.